டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: பதிப்புக்குப் பதிப்பு மாறுவது என்ன?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதைபோல ஆடும் விளையாட்டை ஆட ஆசைப்பட்டு முதன்முதலாக விதிப் புத்தகம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒரே பெயரில் ஏழெட்டு விதமான புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றில் ‘பேசிக்’ என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் ‘அட்வான்ஸ்டு’ என்று. மூன்றாம் பதிப்பு ஒன்று, அதற்குப் பிறகு மூன்றரை என்று ஒன்று. 2014-லும் 2024-லும் வந்த ஆட்டக்காரர் கையேடுகளின் அட்டையில் பதிப்பு எண்ணே கிடையாது. எதை எடுப்பது? புதியதுதான் நல்லது என்றால், பழையதை ஏன் இன்னும் இத்தனை பேர் விடாமல் ஆடுகிறார்கள்?

பாடப்புத்தகத்தின் புதிய பதிப்பு என்றால் பழையதில் இருந்த பிழையைத் திருத்தியிருப்பார்கள், பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாம். இந்த ஆட்டத்தின் பதிப்புகள் அப்படிப்பட்டவை அல்ல. அதே அரக்கர்கள், அதே மந்திரவாதி, அதே இருபது முகப் பகடை எல்லாவற்றிலும் இருக்கும். ஆனால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் என்ன செய்ய ஆசைப்படுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது எத்தனை விதி கூடியது, எத்தனை குறைந்தது என்று நான் எண்ணுவதில்லை. இந்தப் பதிப்பு எந்தச் செயலுக்குப் பரிசு கொடுக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை நடத்துவார்கள். ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் அவனோடு பேசிப் பார்க்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள். என்ன ஆகும் என்று உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும். பாத்திரம் சேர்க்கும் அனுபவப் புள்ளிகள் ஓர் அளவைத் தாண்டினால் அடுத்த லெவலுக்குப் போகும், பலம் கூடும். அந்த அனுபவப் புள்ளி எதற்குக் கிடைக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரே அறை, இரண்டு ஆட்டம்

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். குகைக்குள் ஓர் அறை. உள்ளே கோப்ளின் என்ற குட்டி அரக்க இனத்தில் மூன்று காவல் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதில் 500 பொற்காசுகள். வெளியே முதல் லெவலில் இருக்கும் நான்கு பாத்திரங்கள் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதை 1981-ல் வந்த பேசிக் விதிகளில் ஆடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 அனுபவப் புள்ளி, மூன்றுக்கும் சேர்த்து 15. ஆனால் பத்திரமாக வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி உண்டு. அதாவது அந்தப் பெட்டி 500 புள்ளி. கோப்ளின்களோடு மல்லுக்கட்டுவதில் அப்படி ஒன்றும் லாபமில்லை. ஆபத்தோ மிக அதிகம். மந்திரவாதியின் ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு காயம் தாங்குவான் என்ற எண், நான்கு முகப் பகடையில் உருட்டி வருவது, கோப்ளினின் ஒரு வெட்டு ஆறு முகப் பகடையில் உருட்டுவது. ஒரே வெட்டில் ஆள் காலி. அவனிடம் இருக்கும் மந்திரமோ ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

அப்போது என்ன செய்வார்கள்? சண்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசிப்பார்கள். தூரத்தில் சத்தம் எழுப்பிக் காவலை இழுக்கலாமா? பேசிப் பார்க்கலாமா? எதிரில் வருகிறவை எந்த மனநிலையில் இருக்கின்றன என்பதை இரண்டு பகடை உருட்டித் தீர்மானிக்கும் விதியே அந்தப் புத்தகத்தில் உண்டு, அதனால் பேச்சு உண்மையிலேயே பலிக்கலாம். சரி, பெட்டி கைக்கு வந்துவிட்டது. பத்துக் காசுக்கு ஒரு பவுண்டு என்பது விதி, 500 காசு என்றால் 50 பவுண்டு, கிட்டத்தட்ட 23 கிலோ. அதைத் தூக்கினால் நடை தளரும். கையில் இருக்கும் தீப்பந்தம் ஒரு மணி நேரம்தான் எரியும். ஆட்டக் கணக்கில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை டன்ஜன் மாஸ்டர் ஒரு பகடையை உருட்டுவார். ஒன்று விழுந்தால் ஏதோ ஒன்று இருட்டிலிருந்து வருகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நகரும் அந்தச் சில நிமிடங்களில் மேஜையில் பேச்சே அடங்கிப்போகும்.

இதே அறையை 2014-ன் ஐந்தாம் பதிப்பில் ஆடுங்கள். கோப்ளின் ஒன்றுக்கு 50 புள்ளி, மூன்றுக்கும் 150. பெட்டியில் இருக்கும் தங்கத்துக்குப் புள்ளியே கிடையாது. மந்திரவாதிக்கு எட்டு ஹிட் பாயின்ட் போல இருக்கும். மந்திரம் தீர்ந்துவிட்டதே என்ற கவலையும் இல்லை. கான்ட்ரிப் எனப்படும் சிறு மந்திரங்களை அவன் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏவலாம், நெருப்பு அம்பு ஒன்றே பத்து முகப் பகடை அளவுக்குக் காயம் செய்யும். இங்கே நான்கு பேரும் கதவை உதைத்துத் திறப்பார்கள். சண்டை கடினமாக இருக்கும், ஆனால் ஜெயிக்கலாம். ஒவ்வொருவருக்கும் தன் முறை வரும்போது செய்யச் சுவையான ஒரு வேலை இருக்கும். யாரும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை.

முதல் கூட்டம் கோழைகள் என்றோ இரண்டாவது கூட்டம் முரடர்கள் என்றோ சொல்ல முடியாது. அதே ஆட்கள் இரண்டு மேஜையிலும் உட்கார்ந்திருக்கலாம். முதலாவதில் அவர்கள் திருடர்கள் போல யோசித்தார்கள், இரண்டாவதில் வீரர்கள் போல. யோசிக்க வைத்தது விதி.

வந்த வழி

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெயர்க் குழப்பம் தீர அது வேண்டும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய முதல் ஆட்டம் 1974-ல் வந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். போர்ப் பொம்மைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது என்பதால், ஏற்கெனவே அதை ஆடிப் பழகியவர்களுக்கே விதிகள் புரியும்படி இருந்தன.

அதைப் புதியவர்களுக்கு விளக்க 1977-ல் பேசிக் பெட்டி வந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் கைகாக்ஸ் விரிவான விதிகளை அட்வான்ஸ்டு என்ற பெயரில் எழுதத் தொடங்கினார். அதன் அரக்கர் கையேடு 1977, ஆட்டக்காரர் கையேடு 1978, டன்ஜன் மாஸ்டர் கையேடு 1979. இன்றைக்கு முதல் பதிப்பு என்று எல்லோரும் சொல்வது இந்த அட்வான்ஸ்டைத்தான், 1974-ன் பெட்டியை அல்ல. புதியவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். பேசிக் வரிசை தனியாக 1981, 1983 என்று திருத்தம் பெற்றுக்கொண்டே பக்கத்திலேயே ஓடியது. பேசிக் முடித்தால் அட்வான்ஸ்டுக்குப் போக வேண்டும் என்பதில்லை, இரண்டும் அண்ணன் தம்பி போலத் தனித்தனி ஆட்டங்கள். பேசிக்கில் எல்ஃப் என்ற மாய இனமே வீரன், மந்திரவாதி போல ஒரு தொழில் மாதிரி. எல்ஃபாகப் பிறந்தால் வாளும் மந்திரமும் சேர்ந்தே வரும், வேறு எதுவும் ஆக முடியாது. அட்வான்ஸ்டில் இனம் வேறு, தொழில் வேறு.

1989-ல் அட்வான்ஸ்டின் இரண்டாம் பதிப்பு வந்தது. 1997-ல் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் பழைய வெளியீட்டாளரான டிஎஸ்ஆரை வாங்கிக்கொண்டது. பிறகு வந்தவை எல்லாம் அவர்களுடையவை: 2000-ல் மூன்றாம் பதிப்பு, 2003-ல் அதன் திருத்தமான மூன்றரை, 2008-ல் நான்கு, 2014-ல் ஐந்து, 2024-ல் ஐந்தின் திருத்தம்.

தாக்கோவைக் கண்டு பயப்படாதீர்கள்

பழைய பதிப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ‘ஐயோ, தாக்கோ கணக்கா’ என்பார்கள். ‘ஆர்மர் கிளாஸ் பூஜ்யத்தைத் தாக்கத் தேவையான எண்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. நம் காதில் தாக்கு என்றே விழுவதால் மறக்கவும் மறக்காது.

ஆர்மர் கிளாஸ் என்பது எதிரியை அடிப்பது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண். இரண்டாம் பதிப்பில் அது தலைகீழாக ஓடும். கவசமே இல்லாதவனுக்கு 10, நல்ல கவசம் போடப் போட எண் குறையும், பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். உங்கள் வீரனின் தாக்கோ 17, எதிரியின் ஆர்மர் கிளாஸ் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 17-லிருந்து 4-ஐக் கழித்தால் 13. பகடையில் 13-ஓ அதற்கு மேலோ விழுந்தால் அடி பட்டது.

மூன்றாம் பதிப்பு இதை நேராக்கியது. கவசம் கூடினால் எண்ணும் கூடும். மேலே சொன்ன அதே எதிரிக்கு இப்போது ஆர்மர் கிளாஸ் 16. அதே வீரனுக்கு தாக்கோவுக்குப் பதில் +3. பகடையில் விழுந்ததோடு 3-ஐக் கூட்டி 16 வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் 13 விழ வேண்டும். எண் துளிகூட மாறவில்லை, கழித்தல் கூட்டலாக ஆனது, அவ்வளவுதான். தாக்கோவுக்காகவே பழைய பதிப்பை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு மாலை ஆடினால் பழகிவிடும் கழித்தல் கணக்கு அது.

மூன்றாம் பதிப்பு செய்த பெரிய காரியம் வேறு. அதற்கு முன்பு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி விதி இருந்தது. திருடன் பூட்டைத் திறக்க நூறு வரையிலான சதவீதப் பகடை, கதவை முட்டித் திறக்க இன்னொன்று, விஷத்திலிருந்து தப்ப ஓர் அட்டவணை. மூன்றாம் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தது. இருபது முகப் பகடையை உருட்டு, உன் எண்ணைக் கூட்டு, இலக்கை எட்டினாயா பார். பாத்திரத்தை அங்குலம் அங்குலமாகச் செதுக்கும் வசதியும் வந்தது. திறன்கள், ஃபீட் எனப்படும் சிறப்புத் தகுதிகள், ஒரு தொழிலில் இரண்டு லெவல் இன்னொன்றில் மூன்று என்று கலந்து கட்டுவது, எல்லாம். வீட்டில் தனியாக உட்கார்ந்து பாத்திரம் வடிப்பதே பாதி ஆட்டம் என்று ரசிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதிப்பு இல்லை. அதற்கு விலையும் உண்டு. விதிகளை நன்றாகப் படித்தவர் செய்த வீரனும் மனம் போன போக்கில் செய்த வீரனும் ஒரே லெவலில் இருந்தாலும் ஒரே பலத்தில் இருக்க மாட்டார்கள். உயர்ந்த லெவல்களில் டன்ஜன் மாஸ்டர் ஓர் எதிரியைத் தயார் செய்யவே மணிக்கணக்காகும்.

விதிகளின் அடிப்படையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று திறந்த உரிமம் கொடுத்ததும் அந்தப் பதிப்புதான். அதனால்தான் நான்காம் பதிப்பு வேறு திசையில் போனபோது, மூன்றரையைப் பிடித்திருந்தவர்களுக்காக பைஸோ நிறுவனம் 2009-ல் பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தைக் கொண்டுவர முடிந்தது. பழைய பேசிக், அட்வான்ஸ்டு விதிகளைப் புதிதாக எழுதி வெளியிட்டவர்களும் அந்த உரிமத்தை வைத்துத்தான் செய்தார்கள்.

நான்காம் பதிப்பு

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், நியாயமான விசாரணை கிடைக்காத பதிப்பு இது.

2008-ல் வந்தபோது பலருக்குப் பெரிய அதிர்ச்சி. மந்திரவாதிக்கு மட்டுமல்ல, வாள் பிடிப்பவனுக்கும் பெயர் வைத்த தனித்தனி உத்திகள். சிலவற்றை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், சிலவற்றை ஒரு சண்டைக்கு ஒரு முறை, சிலவற்றை நாளைக்கு ஒரு முறை. ஒவ்வொரு தொழிலுக்கும் சண்டையில் ஒரு பொறுப்பு. காப்பவர், தாக்குபவர், தலைவர், களத்தைக் கட்டுப்படுத்துபவர் என்று நான்கு வகை. எல்லாம் கட்டம் போட்ட தாளில் நடக்கும், தூரத்தையே கட்டக் கணக்கில்தான் சொல்லியிருப்பார்கள்.

இதில் வீரன் எதிரியைத் தாக்கினால் அந்த எதிரி குறிவைக்கப்படுகிறான். அவன் வீரனை விட்டுவிட்டு வேறு யாரையாவது தாக்கினால் பகடையில் 2 குறையும். பக்கத்தில் நிற்கும் வீரன் அந்த நொடியிலேயே அவனை இன்னொரு முறை வெட்டலாம். நண்பர்களுக்கு முன்னால் நின்று காப்பது என்பது பழைய பதிப்புகளில் வெறும் ஆசை. இங்கே அது விதியாகவே இருக்கிறது. ‘எல்லாத் தொழிலும் ஒன்றுபோல இருக்கிறது’, ‘சண்டை முடியவே மாட்டேன் என்கிறது’ என்ற குறைகளில் உண்மை உண்டு. கட்டத்தாள் இல்லாமல் பேச்சிலேயே ஆடப் பழகியவர்களுக்கு இது ஒத்துவராது. ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரு சதுரங்கம் போலத் திட்டம் போட்டுச் சண்டையிடுவது பிடிக்கும் என்றால், இதைப் போல வேறொன்று கிடைக்காது.

பூஜ்யத்தில் என்ன ஆகும்

இரண்டு பதிப்புகளை வேகமாக ஒப்பிட இன்னொரு இடம் உண்டு. ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

1981-ன் பேசிக்கில் பூஜ்யம் என்றால் சாவு. புது ஆள் உருவாக்கப் பத்து நிமிடம் போதும், அந்த எளிமையும் இந்தச் சாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. மூன்றாம் பதிப்பில் பூஜ்யத்துக்குக் கீழே போனால் முறைக்கொரு புள்ளியாக உயிர் கசியும், −10 தொட்டால் முடிந்தது. ஐந்தாம் பதிப்பில் விழுந்தவர் தன் முறையில் பகடை உருட்டுவார். 10-ஓ அதற்கு மேலோ வந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. எது மூன்று சேர்கிறதோ அதுவே முடிவு. 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயின்ட்டோடு எழுந்தே நின்றுவிடலாம். பல மாதம் ஒரே பாத்திரத்தோடு வாழ்ந்து அவன் கதையை வளர்க்க நினைக்கிறவர்களுக்கு இந்தக் கருணை தேவை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் சாவு நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும்.

ஐந்தாம் பதிப்பின் மிக அழகான விதி அட்வான்டேஜ். சூழ்நிலை உங்களுக்குச் சாதகம் என்றால் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள், பாதகம் என்றால் தாழ்ந்ததை. மூன்றாம் பதிப்பில் +2, +1, −4 என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த பல இடங்களை இந்த ஒன்றே துடைத்துவிட்டது. 11 தேவைப்படும் இடத்தில் ஒரு பகடைக்கு 50 சதவீத வாய்ப்பு, அட்வான்டேஜ் இருந்தால் 75. அதோடு, லெவல் ஏறும்போது எண்கள் விண்ணுக்குப் போகாமலும் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் பதிப்பில் வீரனின் அடிப்படைத் தாக்குதல் எண் +1-ல் தொடங்கி +20 வரை போகும். ஐந்தில் பழகிய செயல்களுக்குப் பகடையோடு கூட்டும் தேர்ச்சி எண் +2-லிருந்து +6 வரைதான். அதனால் பத்தாம் லெவல் வீரனைக்கூட ஒரு கோப்ளின் கூட்டம் காயப்படுத்த முடியும்.

2024-ன் திருத்தம் இந்த எலும்புக்கூட்டைத் தொடவில்லை. ஆயுதங்களுக்குத் தனித் தேர்ச்சி உத்திகள், எல்லாத் தொழிலுக்கும் உட்பிரிவைத் தேர்ந்தெடுப்பது மூன்றாம் லெவலில், இனத்தோடு ஒட்டியிருந்த திறன் கூட்டல்கள் பாத்திரத்தின் முன்வாழ்க்கைப் பின்னணிக்கு இடம்மாறியது என்று தசையில்தான் மாற்றம். கையில் 2014 புத்தகம் இருந்தால் அதை வைத்தே தாராளமாக ஆடலாம்.

எதை எடுப்பது என்று கேட்டால், ஆடப்போகிற நண்பர்கள் ஏற்கெனவே வைத்திருப்பதை எடுங்கள். யாரிடமும் எதுவும் இல்லை என்றால் ஐந்தாம் பதிப்பு. கற்றுக்கொடுக்கவும் சேர்ந்து ஆடவும் ஆள் கிடைப்பது அதற்குத்தான் அதிகம். அதன் அடிப்படை விதிகள் இலவசமாகவும் கிடைக்கின்றன. சிறிய புத்தகம், வேகமான ஆட்டம், தந்திரம் செய்து பிழைக்கும் உணர்வு வேண்டும் என்றால் 1981-ன் பேசிக்கும் அதை மறுஎழுத்தில் தரும் ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸும்.

பிறகு ஒரு நாள், ஐந்தாம் பதிப்பை ஆடிக்கொண்டிருக்கும்போதே பழைய சாகசப் புத்தகம் ஒன்று உங்கள் கைக்கு வரும். அப்படி வந்தால் வரைபடம், பொறிகள், ஆட்களின் பெயர், கதை எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அரக்கர்களின் எண்களை மட்டும் மாற்றுக் கணக்குப் போடாதீர்கள், புதிய புத்தகத்தில் இருப்பதையே எடுத்துப் போடுங்கள். இரண்டாம் பதிப்பில் ஓகர் என்ற முரட்டு அரக்கனுக்குச் சராசரியாக 20 ஹிட் பாயின்ட்கூட இராது, 2014-ன் ஓகருக்கு 59. அப்புறம் புதையலைப் பாருங்கள். பழைய சாகசங்களில் மூலைக்கு மூலை பொற்காசு குவிந்து கிடக்கும், அனுபவப் புள்ளியே அதுதான் என்பதால் அப்படி எழுதினார்கள். ஐந்தாம் பதிப்பில் அதை அப்படியே கொடுத்தால் ஆட்டக்காரர்கள் செலவழிக்க வழியில்லாத பணக்காரர்கள் ஆவார்கள், லெவல் மட்டும் ஏறாது. காசைக் குறைக்கலாம், அல்லது பழைய வழக்கப்படி காசுக்குப் புள்ளி கொடுக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் முதல் கதவுக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கதவை அவர்கள் உதைப்பார்களா, காதை வைத்துக் கேட்பார்களா என்பது அதைப் பொறுத்திருக்கிறது.